எழுபது வளைவுச் சங்கிலி

காரவள்ளி அடிவாரத்தில் மூன்று மின்மிதிவண்டிகள் மழையில் நின்றன. மூன்றிலும் ஒரே பாம்புக்கடி மருந்து. மூவரில் ஒருவராவது எழுபது வளைவுகளையும் தாண்டி மலையுச்சி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மிளகு பறிக்கப் போன பொன்னாயியைக் கண்ணாடி விரியன் கடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அடித்த காற்றில் மருந்து தூக்கும் ட்ரோன்கள் எழவில்லை.

சரிந்துகொண்டே இருந்த கொல்லிமலைச் சாலையில் நான்கு சக்கர வண்டிகளைத் தடை செய்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மரவள்ளி மூட்டையும் மணப்பெண்ணும் மின்மிதிவண்டியில்தான் ஏறினார்கள். மிதிகட்டைகளுக்கு நடுவே இருந்த மோட்டாரின் விசை முழுவதும் ஒற்றைச் சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்குப் போனது. பதினைந்து நாளுக்கொரு சங்கிலி அறுந்தது.

அதற்காகத்தான் சேலத்து உலோகவியலாளர் நஸ்ரீன் எலும்புச் சங்கிலியைச் செய்தார். இழுவை அதிகமாகும் இடத்துக்கு உலோக நுண்துகள்கள் தாமே நகர்ந்து, தேய்மானத்தை நிரப்பும். சுமை தூக்குபவரின் எலும்பு தடிப்பதைப் போல.

"செங்கோடண்ணா, உங்க சங்கிலி முண்டும் முடிச்சுமா இருக்கு. மத்த ரெண்டு பேருக்கும் போட்ட மாதிரி புதுசு மாட்டிரலாம்" என்றார் நஸ்ரீன்.

"வேண்டாங்க மேடம். ஏழு மாசமா மூட்டை இழுத்த சங்கிலிங்க இது. எனக்குப் பழகிப்போச்சு" என்றபடி செங்கோடன் கிளம்பினார்.

நஸ்ரீன் திரையில் மூன்று புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் வளைவில் ஒரு புள்ளி நின்றது. "அறுந்துபோச்சு மேடம்!" என்று குரல் வந்தது. நாற்பத்தாறில் இன்னொன்றும் நின்றது. தான் செய்த சங்கிலிகள்!

ஐம்பத்தெட்டாம் வளைவில் வெள்ளம் சாலையைக் கடந்து ஓடியது. நஸ்ரீனின் காதுக்கருவியில் செங்கோடனின் மூச்சும், சங்கிலி முனகும் சத்தமும் கேட்டன.

"அண்ணா, விசையக் குறைங்க! தாங்காது!"

"குறைச்சா தண்ணி இழுத்துட்டுப் போயிருங்க!"

அப்புறம் சத்தமே இல்லை. புள்ளி மட்டும் நகர்ந்தது. அறுபது. அறுபத்தைந்து.

"எழுபது!" என்று செங்கோடன் கத்தியதில் நஸ்ரீனின் காது அடைத்தது. ஆறு மணி நேரம் கழித்து மருத்துவர் அழைத்தார். விஷத்தால் உறையாமல் போயிருந்த பொன்னாயியின் இரத்தம் மறுபடி உறையத் தொடங்கிவிட்டது, பிழைத்துக்கொள்வாள்.

அறுந்த சங்கிலிகளை நஸ்ரீன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மூன்று மாதம் அலமாரியில் சும்மா தொங்கியதில் துகள்கள் கலைந்து, கண்ணிகளுக்குள் பொந்து விழுந்திருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் எலும்புபோல. செங்கோடனின் சங்கிலியோ மூன்று மடங்கு வலுவாகியிருந்தது. சுமக்கச் சுமக்க உறுதியாகும் உலோகம்! நாடெங்கும் மலையூர்கள் அதைக் கேட்டு வாங்கின. வாங்கி நிறுத்தியே வைத்திருந்த நகரத்துக்காரர்களுக்கு மட்டும் அது அறுந்துகொண்டே இருந்தது.

அடுத்த ஆண்டு, மலையின் பத்து நாள் திருவிழாவுக்கு நஸ்ரீனைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். விழா நாட்களில் யாரும் சரக்கு ஏற்றுவதில்லை. ஆனால் அடிவாரத்தில் அவர் இறங்கியபோது, நூற்றுக்கணக்கான வண்டிகள் கனத்த மூட்டைகளோடு மேளம் முழங்க மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒரு வண்டியில் பொன்னாயி கையசைத்துக்கொண்டே போனாள்.

"மூட்டையில என்னண்ணா?"

"கல்லுங்க மேடம்" என்று சிரித்தார் செங்கோடன். "பத்து நாள் சும்மா நிறுத்தினா உங்க சங்கிலி கோவிச்சுக்குமே! ஏத்தறோம், இறக்கறோம், மறுபடி ஏத்தறோம். ஏறி உக்காருங்க, கல்லை எடுத்துடறேன்."

நான்கு கற்களை இறக்கினார். நஸ்ரீனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டைத் திரும்ப எடுத்து வைத்துக் கட்டினார்.