நாலு பிரேம்

கழுவிய தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் தம்ளரையும் கவிழ்த்து ஜன்னலோரம் வைத்தானே திரையில் ஒருவன், அந்த விதம்தான் சுடலைமணிக்கு முதலில் உறுத்தியது. அது அவனுடைய வழக்கம். வேறு யாரும் அப்படி வைத்து அவன் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் படக்கழகத்துக்காரர்கள் வெளிநாட்டுப் படம் போடுகிறார்கள். ஐந்து பெட்டி பிலிம். எங்காவது ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்க, ஆபரேட்டர் சுடலைமணி ஏழு மணிக்கே தியேட்டரைத் திறந்து தனியாக ஓட்டிக்கொண்டிருந்தான். கீழே அத்தனை நாற்காலியும் காலி. மெஷின் விளக்கில் கார்பன் குச்சி எரிகிற நெடியும் வௌவால் நாற்றமும் கலந்து மூக்கில் ஏற, கோவில்பட்டிக் காற்று கரிசல் மண்ணை வாரி வாரித் தகரக் கூரையில் இறைத்துக்கொண்டிருந்தது. திரையிலோ பனி கொட்டியது.

திரையில் இருந்தவன் திரும்பினான். புருவத்தில் தழும்பு, விழுந்த முன்பல். அச்சு அசல் சுடலைமணி. ஒருத்தரைப்போல ஏழு பேர் என்பார்கள், அதில் ஒருத்தன் வெள்ளைக்காரனாக இருக்கக்கூடாதா என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அடுத்த காட்சியில் மேசைக்கு எதிரே ஒருத்தி உட்கார்ந்து அந்த வெள்ளைக்காரனுக்குப் பரிமாறினாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

நாற்பத்தாறு வயதில் சுடலைமணிக்கென்று ஒரு போட்டோ கிடையாது. பரிமாற ஆளும் கிடையாது. வயிறு எரிந்தது. மெஷினை நிறுத்தி, அந்தச் சிரிப்பில் நாலு பிரேமை வெட்டித் தன் காக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெட்டிய இடத்தை ஒட்டினான். பிடித்த முகத்தை வெட்டி வைத்துக்கொள்ளாத ஆபரேட்டர் உண்டா என்ன. நாலு பிரேம் என்பது கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது.

மறுபடி ஓட்டினான். மேசை இருந்தது. அவள் இருந்தாள். எதிர் நாற்காலி காலி.

அடுத்த பெட்டியிலும் அவன் இல்லை. ட்ராமில் இல்லை. படுக்கையில் இல்லை. அவள் மட்டும் பனியில் தெருத்தெருவாகத் தேடினாள். கடைசிப் பெட்டியில் வீட்டுக்குத் திரும்பி, கவிழ்ந்திருந்த தட்டை நிமிர்த்தி மேசையில் வைத்தாள். தலையைத் தூக்கினாள். காலி நாற்காலிகளுக்கு மேலாக, ஆபரேட்டர் அறையின் ஓட்டையைப் பார்த்தாள். சுடலைமணியைப் பார்த்தாள்.

"சாப்பிட வாங்க," என்றாள். தமிழில்.

அவனை அப்படி யாரும் கூப்பிட்டதே இல்லை. அது இனித்தது, அதுதான் பயமாக இருந்தது. அவள் ஆளை அவளிடமே கொடுத்துவிட்டால் தீர்ந்தது. முதல் பெட்டியை எடுத்தான். ஒட்டைப் பிரித்தான். நாலு பிரேமையும் வைத்து ஒட்டினான். ஓட்டினான்.

மேசை. அவள். எதிரே அவன், சிரித்தபடி.

காக்கிச் சட்டையில்.

படியில் செருப்புச் சத்தம். படக்கழகத்து அருண்பாண்டியன் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தான்.

"படம் தன்னால ஓடுது. அண்ணாச்சி எங்க போனாவ?"

"இங்கனதான் நிக்குதேன் தம்பி," என்றான் சுடலைமணி.

அருண்பாண்டியன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

சுடலைமணி லென்ஸுக்கு முன்னால் கையை நீட்டினான். ஐந்து விரலையும் விரித்தான். திரையில் நிழல் விழவில்லை. அங்கே அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். காக்கிச் சட்டைக்காரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சுடலைமணிக்குப் பசித்தது.