கண் எழுதிய உருவாரம்

மத்தியானம் இலக்கியா மீதி வைத்த ரசம் சோறு, அவள் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் தீர்ந்து போயிருந்தது. குழந்தைக்கு ஊட்டுகிற அளவுக்கு ஒரு சின்னக் கிண்ணம் அது. வயிற்றைச் சுருக்கி ஆப்பரேஷன் செய்த நாளிலிருந்து அதில் பாதிதான் அவளுக்கு இறங்கும். மீதியை மூடி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நாலு வாய் சாப்பிடுவாள். இப்போது மூடி தரையில் கிடந்தது. கிண்ணம் விரலால் வழித்து நக்கியது போலச் சுத்தமாக இருந்தது. விளிம்பில் மட்டும் ஈரச் செம்மண், கட்டைவிரல் அகலத்துக்கு.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவன் நந்தகுமார் கோழிப்பண்ணையில் முட்டை லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். மாமியார் பெரியநாயகி ராசிபுரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். பின்கதவு திறந்து கிடந்தது. வெயில் நேராக உள்ளே விழுந்து, அதனுடன் கோழி எருவின் காரமும் மக்காச்சோள மாவின் புளித்த வாடையும் வந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் தீவனக் கொட்டகை. அதன் மூலையில், பழைய சாக்கைப் போர்த்திக்கொண்டு, உருவாரம் உட்கார்ந்திருந்தது.

உருவாரம் என்றால் வேண்டுதலுக்குச் செய்து வைக்கிற மண் உருவம். கால் வலி தீர்ந்தால் மண்ணில் கால், கண் நோவு தீர்ந்தால் மண்ணில் கண் செய்து கரட்டு முனியப்பன் கோயில் வாசலில் வைப்பார்கள். மருமகள் நல்லபடியாக இளைத்து வந்தால் ஆள் உயரத்துக்கு வைக்கிறேன் என்று பெரியநாயகி வேண்டியிருந்தாள். "கையா காலா, எதுன்னு தனியாச் சொல்றது? ஆளே முழுசா நோவுதான், முழுசாவே செஞ்சு வெச்சிடலாம்" என்று குயவரிடம் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் நின்று இலக்கியா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குயவர் பழைய போட்டோவைப் பார்த்துச் செய்தார். இரண்டு மடிப்புக் கழுத்து, தொடைமேல் சரிந்த வயிறு, வளையல் இறங்காத மணிக்கட்டு. எதையும் விடவில்லை.

கொண்டுவந்து இறக்கியபோது குயவர் ஒன்று சொன்னார். "கண்ணை மட்டும் கோயில்ல வெச்சுத்தானுங்க எழுதோணும். எழுதுன கையோட படையல் போட்டுடோணும். கண்ணைத் தொறந்துட்டுப் பட்டினி போடக் கூடாதுங்க."

அந்த மாதம் கோயில் திருவிழாவான நோம்பி நின்று போனது. முதல் மரியாதை யாருக்கு என்று பங்காளிகளுக்குள் சண்டை; கோயிலைப் பூட்டிவிட்டார்கள். உருவாரம் கொட்டகையிலேயே தங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். பழைய இலக்கியாவைக் காட்டுகிறேன் என்று பெரியநாயகி எல்லோரையும் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். கண் இல்லாத முகத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பெரியநாயகி உள்ளே போய் இலக்கியாவின் மை டப்பாவை எடுத்துவந்து, சுண்டுவிரலால் இரண்டு கண்ணையும் எழுதினாள். "இப்பப் பாருங்க. அப்பிடியே இருக்குதா இல்லியா." எல்லோரும் அதன் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். இலக்கியா அவர்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அந்த டீயை அத்தனை பேர் முகத்திலும் ஊற்ற வேண்டும் போலிருந்தது.

அந்த உடம்பை அவளும்தான் வெறுத்திருந்தாள். முட்டி வலி, சர்க்கரை, நாலு படி ஏறினால் முட்டுகிற மூச்சு, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி விடுகிற பெருமூச்சு. சேலத்து ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வந்தாள் என்பது உண்மை. அதோடு நின்றிருந்தால் அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. கல்யாண வீடுகளில் அவளை விட்டு முன்னால் நடந்த நந்தகுமார் இப்போது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஆறு வருடம் ஹாலில் பாய் போட்டுப் படுத்தவன் இப்போது கட்டிலில் படுத்தான். இப்போதுதான் பொண்ணு மாதிரி இருக்கிறாய் என்று ஊரே சொன்னது. அப்படியானால் அதற்கு முன்னால் இந்த வீட்டில் அத்தனை வருடம் சமைத்து, துவைத்து, ஏச்சு வாங்கி, கதவுக்குப் பின்னால் நின்று அவசர அவசரமாகத் தின்று அழுதவள் யார் என்று அவள் யாரிடம் கேட்பது?

கிண்ணத்தை அவள் கழுவி வைத்தாள். பூனையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் குழம்புச் சட்டி காலியானது. பிறகு, சாயங்காலத்துக்கு வேகவைத்த முட்டைகள். ஓடு உரிக்காமலே போயிருந்தன. பெரியநாயகி சட்டியைக் கொண்டுவந்து இலக்கியாவின் காலடியில் வைத்தாள்.

"லட்ச லட்சமாச் செலவு பண்ணியும் உன்ற புத்தி போகுல பாரு."

"நான் தொடலீங்க அத்தை."

"பின்ன, ஊட்ல பேயா வந்து திங்குது?"

நந்தகுமார் அன்றைக்கே கடைக்குப் போனான். ஒரு பூட்டு வாங்கிவந்து சமையலறைக் கதவில் மாட்டி, சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். கட்டிய மனைவிக்குப் பூட்டு. காலையில் எழுந்ததும் அவளை எடை மிஷினில் நிற்கச் சொல்வான். எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும்.

"மறுக்கா கொறஞ்சிருக்குது பாரு. பூட்டுப் போட்டதுதான் சரி."

எடை குறைந்துகொண்டேதான் இருந்தது. நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. மோதிரம் விரலில் தங்கவில்லை. தலை வாரினால் முடி கற்றையாக வந்தது. கை அடியில் தொங்கிய தோல் வறண்டு, வெடித்து, தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. பொடி செம்மண் நிறத்தில் இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது, நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்றார். அவளால் முடியவில்லை. மத்தியானம் தட்டு முன்னால் உட்காரும்போதே வயிறு நிறைந்திருக்கும். ஒரு பருக்கைகூடத் தொடாமல் ஏப்பம் வரும். ஏப்பத்தில் முட்டை வாசனை வரும். சமையலறை பூட்டியிருந்த நாளில் மக்காச்சோள மாவு வாசனை வந்தது.

அன்று அவள் கொட்டகைக்குப் போனாள். உச்சி வெயில். தகரக் கூரை படபடவென்று விரிந்து சத்தம் போட்டது. பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழிகள் கேருகிற சத்தம் காற்றோடு ஏறி இறங்கியது. அதற்கெல்லாம் அடியில், மூலையில், சாக்குக்குள்ளிருந்து, மெல்லாமல் விழுங்குகிற சத்தம் வந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். யாரோ வருவதற்குள் தின்றுவிட வேண்டும் என்று தின்கிறவளின் சத்தம். தொண்டையில் அடைக்கும், தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது, அடுத்த கவளம் அதைத் தள்ளும். எத்தனை வருடம் அவள் அப்படித் தின்றிருக்கிறாள். அவள் சாக்கைத் தொட்டதும் சத்தம் நின்றது.

தூக்கினாள்.

மடியில் தீவன மூட்டை கிழிந்து கிடந்தது. மண் வாய் ஈரமாக இருந்தது. வாய் ஓரத்தில் மாவு. வயிறு தொடையைத் தாண்டித் தரையில் சரிந்திருந்தது. குயவர் செய்தபோது அது அவ்வளவு பெரிதில்லை. கண்மை கரைந்து கன்னத்தில் இரண்டு கோடாக இறங்கியிருந்தது. கண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தன. அது வெறும் கை.

அன்று சாயங்காலம் அவள் மாமியாரிடம் போய் நின்றாள். "அத்தை, அதுக்கு இங்கியே ஒரு படையல் போட்டுடலாங்க. கண்ணு எழுதியாச்சு. பசியா இருக்குதுங்க."

பெரியநாயகி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "படையலு கோயில்ல வெச்சுத்தான். ஊட்ல யாராச்சும் போடுவாங்களா? உனக்குத் திங்கோணும்னா நேரா கேளு, மண்ணு மேல சாக்கு சொல்லாத."

"நான் கரைஞ்சுக்கிட்டு இருக்கறனுங்க. கண்ணுக்குத் தெரியுலீங்களா?"

"நல்லாத்தான் இருக்கற. இப்பத்தான் கண்ணுக்கு நெறவா இருக்கற."

இலக்கியா அங்கிருந்து நகர்ந்தாள். பேசினால் கத்திவிடுவாள். கத்துவதற்குக்கூட உடம்பில் எதுவும் மிச்சம் இல்லை. குண்டாக இருந்தபோது அவளைப் பார்க்கப் பிடிக்காதவர்களுக்கு, இப்போது அவள் இல்லாமல் போவதைப் பார்ப்பது பிடித்திருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு இது நன்றாகப் புரிந்தது.

பங்காளிகள் சமாதானமாகி, நாள் குறித்து நோம்பி சாட்டினார்கள். டெம்போ டிரைவர் சின்னான் உருவாரத்தை ஏற்ற வந்தான். வரும்போது இரண்டு பேர் தூக்கி இறக்கியது இப்போது ஆறு பேருக்கும் அசையவில்லை. கட்டை கொடுத்து நெம்பி, கயிறு போட்டு இழுத்துத்தான் ஏற்றினார்கள்.

"மழைச் சாரல்ல ஊறிக் கெடக்குதுங்க" என்றான் சின்னான், வியர்வையைத் துடைத்தபடி. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

கோயில் பாறைக் கரட்டின் அடிவாரத்தில் இருந்தது. வெயில் தாழ்ந்து, வேப்பமரங்களின் நிழல் வாசல் முழுக்க நீண்டிருந்தது. அங்கே வரிசை வரிசையாகப் பழைய உருவாரங்கள். கை போனவை, தலை போனவை, புல் மூடியவை. பூசாரி இலக்கியாவைத் தரையில் உட்காரச் சொன்னார். வேண்டுதல் தீர்ந்தவள் தன் உருவாரத்தோடு முதுகுக்கு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். அதற்கு ஒரு இலை, அவளுக்கு ஒரு இலை. சூடம் காட்டி முடித்ததும் எல்லோரும் எழுந்து நடந்துவிட வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் நோய் கூடவே வந்துவிடும்.

அவள் உட்கார்ந்தாள். முதுகில் ஒட்டிய மண் சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை, உடம்புச் சூடு. இலையில் பொங்கலும் கறியும் விழுந்தன. மேளம் அடித்தார்கள், சூடப் புகை கண்ணில் ஏறியது, மேளத்துக்கு நடுவே அவளுக்குப் பின்னால் இலை வழிக்கப்படும் சத்தம் கேட்டது. ஒரு மாதப் பட்டினிக்கு ஒரு இலை எந்த மூலைக்கு. அவள் முதுகோடு ஒட்டியிருந்த முதுகு ஏறி இறங்கியது. மூச்சு.

மேளம் நின்றது.

"ஆச்சுங்க. எந்திரிச்சு நடங்க" என்றார் பூசாரி. அவர் முன்னால் போனார். அவருக்குப் பின்னால் பெரியநாயகி, நந்தகுமார். இலக்கியா எழுந்தாள். எழுந்ததாக நினைத்தாள். கால் வரவில்லை. கையைத் தரையில் ஊன்றப் பார்த்தாள். கை மடியில் கிடந்தது. மடியும் கையும் ஒன்றாகக் காய்ந்திருந்தன. கூப்பிட வாய் திறக்கவில்லை.

பின்னால் சுமை விலகியது. முதுகில் காற்று பட்டது.

தொம். தொம். கனத்த காலடி அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. அவளுடைய பழைய நடை. வலது முட்டியைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி. அகன்ற முதுகு. இரண்டு மடிப்புக் கழுத்து. இலக்கியா கட்டியிருந்த அதே பச்சைச் சேலை அந்த உடம்புக்கும் போதுமாக இருந்தது. அது நந்தகுமாருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது.

பெரியநாயகி திரும்பாமல் குரல் கொடுத்தாள். "இலக்கியா, வாரியா சாமி?"

"வாரேனுங்க அத்தை."

அவளுடைய குரல்தான். பல மாதமாக அவளுக்கே கேட்காத நிறைந்த குரல்.

"பசிக்குதுங்க அத்தை."

"ஊட்டுக்குப் போயித் தின்னுக்கலாம். நட."

முறை தவறாமல் மூன்று பேரும் நேராகப் பார்த்து நடந்தார்கள். அது மட்டும் திரும்பியது. கரைந்த மையோடு இலக்கியாவைப் பார்த்தது; பிறகு முன்னால் போகிற நந்தகுமாரின் பிடரியை, கழுத்துச் சதையைப் பார்த்தது. தன் இடுப்பில் முடிந்த சாவியைத் தடவிக்கொண்டே அவன் நடந்தான். அது ஏறியதும் டெம்போவின் பின்பக்கம் கிறீச்சிட்டு இறங்கி, டயர் பிதுங்கி, வண்டி மெல்லக் கிளம்பியது.

போ, என்று நினைத்தாள் இலக்கியா. உடம்பெல்லாம் உலர்ந்த பிறகும் அந்த ஒன்று உலரவில்லை. போய் வயிறு நிறையத் தின்னு. ஒருத்தரையும் விடாதே.

அப்போதுதான் அவளுக்குப் பசித்தது. ஆப்பரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, அடிவயிற்றிலிருந்து, பழைய பசி. முன்னால் இலை நிறையச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. கரட்டுப் பக்கமிருந்து ஒரு நாய் வந்தது. உருவாரங்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, அவளையும் மோந்து பார்த்துவிட்டு, அவள் இலையில் வாய் வைத்தது. மூட முடியாத கண்ணால் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.