பாதி மணல்

"உடைச்சேன்னு சொன்னாக்கூடப் பரவாயில்லைங்க. உடைச்சுட்டு வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்னு சொல்றாங்க பாருங்க, அதுதான் பொறுக்கல."

உள்ளே வரும்போதே நர்ஸம்மா இதைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். உட்காரச் சொன்ன பிறகும் மடக்கிய குடையைக் கையைவிட்டு இறக்கவில்லை.

எதிரில் இருந்தவர் தலையை மட்டும் அசைத்தார். எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கிடங்குகளையும் திருடுபோனதாகச் சொல்லப்பட்ட நகைகளையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விசாரித்தே தலை நரைத்தவர் அவர். தெரிந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிதானம்'. முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயர்தான். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், அதிலும் நிதானம்.

பக்கத்து நாற்காலியில் அவருடைய சகலை, மருந்துக்கடைக்காரர். அக்கா தங்கையைக் கட்டிய உறவு. கடை விடுமுறை என்றால் இங்கேதான் இருப்பார். என்றைக்காவது ஒரு கொலை வழக்கு இந்த வீட்டுப் படியேறி வரும் என்பது அவருடைய தீராத ஆசை.

"என்னம்மா உடைஞ்சுது?" என்றார் நிதானம்.

"மணற்கடிகாரம்."

"ச்சே" என்றார் மருந்துக்கடைக்காரர், மெதுவாக.

நர்ஸம்மா விவரம் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, குன்றின்மேல் இருக்கும் பழைய கோட்டைப் பூங்காவில் பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டும் தொண்டராகச் சேர்ந்திருக்கிறார். சம்பளம் கிடையாது. கழுத்தில் ஒரு பச்சை அட்டை, அவ்வளவுதான்.

"கடைசியா காவல் கோபுரத்து மேல்மாடிக்குக் கூட்டிட்டுப் போவோம். அங்க ஒரு பீடத்து மேல அந்தக் கடிகாரம். அந்தக் காலத்துக் காவல்காரங்க முறை மாத்திக்கிட்டது அதை வெச்சுத்தான். எங்க வழக்கமும் அதேதான். மேல போனதும் திருப்பி வெச்சுட்டுப் பேச ஆரம்பிக்கணும். மணல் தீர்ந்தா பேச்சும் தீர்ந்துடணும். வியாழக்கிழமை கடைசிக் குழு என்னோடது. எல்லாரையும் இறக்கிட்டுக் கடைசியா நான் இறங்கினேன். மறுநாள் காலைல மேனேஜர் போய்ப் பார்த்தா, கடிகாரம் கீழ உடைஞ்சு கிடக்குது."

"இறங்கும்போது முழுசா இருந்துச்சா?"

"இருந்துச்சு. எத்தனையோ குழந்தைங்களைப் பூ மாதிரி ஏந்தின கைங்க இது. இன்னிக்கு மத்தியானம் கைடுங்க எல்லாருக்கும் கூட்டம். எல்லார் முன்னாலயும் அட்டையைக் கழட்டிக் குடுத்துடணுமாம். அட்டை போனாப் போகுது. என்னைப் பொய் சொல்றவள்னு நினைச்சுட்டா அப்புறம் அந்தப் பக்கமே எப்படிங்க தலைகாட்டறது?"

நிதானம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "வாங்க சகலை."

"கொலை இல்லையே?"

"ஒரு மானம் போகப் போகுது. அது போதாதா?"

*

பூங்கா மேனேஜர் நெடுநெடுவென்று உயரமானவர். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தே பேசினார். குரல் அந்த மேஜையைத் தாண்டவில்லை.

"ரொம்ப நல்லவங்கதான் சார். ஆனா கடைசியா இறங்கினது அவங்க. அதுக்கப்புறம் கோபுரத்துக் கதவு பூட்டிக் கிடந்துச்சு. இதுல நான் என்ன செய்ய?"

"சாவி?"

"ஒண்ணு காவலாளிகிட்ட. இன்னொண்ணு இதோ, இந்த ஆணியில."

"காலைல நீங்கதான் முதல்ல பார்த்தீங்களா?"

"ஆமா. காவலாளி கதவைத் திறந்ததும் ஏறினேன். நான் மேல போயே மாசக்கணக்கா ஆகுது. சும்மா ஒரு எட்டுப் பார்த்துட்டு வரலாம்னு போனா, இப்படி."

உடைந்த கடிகாரத்தை ஒரு தட்டில் கிடத்தி வைத்திருந்தார்கள். மரச்சட்டத்துக்குள் ஒரு குடுவை முழுசாக இருந்தது, மற்றது நொறுங்கியிருந்தது. நிதானம் குனிந்து வெகுநேரம் பார்த்தார். முழுசாக இருந்த குடுவையில் ஏறக்குறைய பாதிக்கு மணல் தங்கியிருந்தது.

"மிச்ச மணல்?"

"தரையில சிந்தியிருந்துச்சு. அள்ளி இந்தப் பையில போட்டிருக்கேன்."

பையிலும் ஏறக்குறைய அதே அளவுதான் இருந்தது.

"இந்த மணலை என்ன அப்படிப் பார்க்கறீங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டார் மருந்துக்கடைக்காரர். "எனக்கென்னவோ பூனை வேலைன்னு தோணுது."

"பூட்டின கோபுரத்துக்குள்ள?"

"அப்போ உள்ளேயே இருந்த பூனை."

கோபுரத்தடியில் காவலாளி முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வளைந்த படிகளில் அவர் ஏறுவதே இல்லை. "மேல யாராவது இருக்கீங்களான்னு கீழ நின்னு கத்துவேன் சார். பதில் வரலைன்னா பூட்டிட்டு, மத்த கேட்டையெல்லாம் சாத்தப் போயிடுவேன். அதுக்கே இருட்டிடும்."

அங்கேயே இன்னொரு வழிகாட்டியும் இருந்தார். குட்டையான, உருண்டையான மனிதர். அவர் பேசினால் பூங்கா முழுக்கக் கேட்கும் என்பதால் எல்லோரும் அவரை 'மைக்' என்றே கூப்பிட்டார்கள்.

"நானும் வியாழக்கிழமை இங்கேதான் நின்னேன்! 'மணல் தீர்ந்துச்சு, நாமும் கிளம்பலாம்'னு அக்கா சொல்றது கேட்டுச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. அப்புறம் அக்காவும் நானும் குழுவை வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய், அப்படியே ஒரே பஸ்ல ஏறிட்டோம்."

"உங்க மேனேஜர் எப்படி?"

"தங்கமான மனுஷன். என்ன, நாலு பேர் முன்னால வாய் திறந்தா முதல் வரிசைக்கே கேக்காது. அடுத்த வாரம் பூங்காவை நடத்தற டிரஸ்ட் ஆளுங்க வர்றாங்க. சுத்திக் காட்டறது அவர்தான்னு அவங்களே சொல்லிட்டாங்க. பாவம், சோறு தண்ணி இறங்கலை அவருக்கு."

நிதானம் படியேறினார். மேல்மாடி சிறிய வட்ட அறை. ஒரு ஜன்னல், சுவரோரமாக ஒரு பெஞ்சு, ஜன்னலை ஒட்டி வெறும் பீடம். பீடத்தின் மேல்தளம் நர்ஸம்மாவின் தோள்வரை வந்தது.

"இவ்வளவு உயரத்துல இருக்கறதை எப்படித் திருப்புவீங்க?"

"ஸ்டூல் இருக்கே!" பெஞ்சுக்கு அடியில் நுழைத்திருந்த ஸ்டூலை நர்ஸம்மா காட்டினார். "இதை இழுத்துப் போட்டு ஏறித் திருப்புவேன். பேசி முடிக்கற வரைக்கும் மேலயே நிப்பேன். இல்லேன்னா பின்னால இருக்கறவங்களுக்கு என் முகமே தெரியாது. முடிஞ்சதும் திரும்ப உள்ள தள்ளிடுவேன்."

நிதானம் படிப்பக்கம் போய்க் குனிந்து கேட்டார்: "வெள்ளிக்கிழமை காலைல ஸ்டூல் எங்க இருந்துச்சு, மேனேஜர் ஏதாவது சொன்னாரா?"

"பெஞ்சுக்கு அடியிலதான்னு சொன்னார் சார்!" என்று கீழேயிருந்து காவலாளியின் குரல் சுழன்று ஏறி வந்தது. "ஒரு கண்ணாடித் துண்டு அதுக்கடியில போயிடுச்சு, ஸ்டூலை இழுத்துத்தான் எடுத்தேன்னார்!"

நிதானம் சிரித்தார். சகலைக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

"கண்டுபிடிச்சாச்சா?"

"ஆச்சு. ஆனா நான் சொன்னா அது வெறும் கணக்கு. அவரே சொல்லணும். மேனேஜரைக் கொஞ்சம் மேல வரச் சொல்லுங்க. மைக்கையும்."

*

எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். காவலாளி மட்டும் கீழேயே நின்று, "எனக்கும் கேக்கற மாதிரி பேசுங்க!" என்றார்.

"ஒண்ணுமில்ல, ஒரு சின்ன ஆசை" என்றார் நிதானம். "நானும் சகலையும் பார்வையாளருங்க. நீங்க ஒவ்வொருத்தரா இந்த அறையில எப்படிப் பேச ஆரம்பிப்பீங்கன்னு காட்டுங்க. கடிகாரம் இருக்கறதா நினைச்சுக்குங்க."

மைக் முதலில் வந்தார். பீடத்தின் பக்கமே போகவில்லை. "இந்தக் கூட்டத்துலயே உயரமானவர் யாருங்க? ஐயா, நீங்களா? வாங்க, வந்து இந்தக் கடிகாரத்தைத் திருப்புங்க!" என்று நிதானத்தைக் கைகாட்டினார். "நான் அதைத் தொட்டதே இல்ல சார். எனக்கு எட்டாது, ஸ்டூல்ல ஏறினா ஸ்டூல் தாங்காது."

நர்ஸம்மா ஸ்டூலை இழுத்தார், ஏறினார், இல்லாத கடிகாரத்தை இரண்டு கையாலும் திருப்பினார், அங்கேயே நின்றபடி வணக்கம் சொன்னார்.

"இப்ப நீங்க சார்."

"எனக்கெதுக்கு? நான் கைடு இல்லையே" என்றார் மேனேஜர்.

"ரெண்டே வரி."

மேனேஜர் தயங்கித் தயங்கிப் பீடத்தருகே வந்தார். பார்வையாளர்களைப் பார்த்தபடி, பீடத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். "இந்தக் கோபுரத்திலிருந்து..." என்று தொடங்கி, பின்னால் இருக்கும் ஜன்னலைக் காட்ட வலது கையை வீசினார். வீசிய கை பாதியில் நின்றது. சூடு பட்டதுபோல் முழங்கை விலாவோடு வந்து ஒட்டிக்கொண்டது. சட்டென்று திரும்பிப் பீடத்தைப் பார்த்தார்.



"பீடத்து மேல ஒண்ணுமே இல்லையே சார்" என்றார் நிதானம், மிருதுவாக. "எதைத் தட்டிடுவோம்னு கையை இழுத்துக்கிட்டீங்க?"

மேனேஜர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"சகலை, கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க. எனக்குத் தலை சுத்துது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மணல்தான் சகலை சொல்லுச்சு. நர்ஸம்மா பேசி முடிச்சப்போ மணல் தீர்ந்திருந்துச்சு. மைக் காதால கேட்டிருக்கார். அப்படின்னா மணல் மொத்தமும் கீழ்க் குடுவையில இருக்கணும். அப்ப விழுந்து உடைஞ்சிருந்தா, ஒண்ணு மொத்தமும் சிந்தியிருக்கும், இல்ல மொத்தமும் குடுவையில தங்கியிருக்கும். இங்க பாதி சிந்தியிருக்கு, பாதி தங்கியிருக்கு. மணல் ஓடிக்கிட்டிருக்கும்போதே விழுந்திருக்கு. அதாவது, எல்லாரும் போன பிறகு யாரோ வந்து அதைத் திருப்பி வெச்சிருக்காங்க."

"ஏன், நர்ஸம்மாவே இன்னொரு தடவை திருப்பியிருக்கலாமே?"

"யோவ்!" என்றார் நர்ஸம்மா.

"திருப்பியிருந்தா ஸ்டூல் வெளிய கிடந்திருக்கும். காலைல அது பெஞ்சுக்கு அடியில இருந்துச்சு, அதுக்கும் அடியில கண்ணாடித் துண்டு. அப்படின்னா உடையும்போதே ஸ்டூல் உள்ளதான் இருந்திருக்கு. ஸ்டூல் இல்லாமலே கை எட்டற ஆள்தான் திருப்பியிருக்கணும். சரி, திருடன் வந்தா மணற்கடிகாரத்தைத் திருப்புவானா? காவலாளி திருப்புவாரா? பேச்சை ஆரம்பிக்கறவங்கதான் திருப்புவாங்க. ஆளே இல்லாத அறையில யாரு பேசுவாங்க? ஒத்திகை பார்க்கறவங்க. அடுத்த வாரம் பேசியாகணும்னு பயந்துக்கிட்டிருக்கறவங்க. இன்னொண்ணு, இந்த கைடு தொழில்ல ஒரு விசேஷம் இருக்கு. வழிகாட்டறவங்க எப்பவும் பார்வையாளரைப் பார்ப்பாங்க. காட்டற பொருளுக்கு முதுகைத்தான் காட்டுவாங்க. பழகினவங்களுக்கு முதுகுலயும் கண் இருக்கும். புதுசா வர்றவருக்கு அது இருக்காது. அப்புறம், மாசக்கணக்கா ஏறாத மனுஷன் வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் விடியாததுமா ஏன் ஏறினார்னும் ஒரு கேள்வி பாக்கி நின்னுச்சு."

மேனேஜர் தரையைப் பார்த்தபடி பேசினார். "காவலாளி அந்தப் பக்கம் போனதும் என் சாவியால திறந்துட்டு வந்தேன். பாதி வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு சார். முதல் தடவையா தடுமாறாமப் பேசினேன். அந்தச் சந்தோஷத்துல கையை வீசினேன்." வெறும் பீடத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "மறுநாள் டிரஸ்ட்ல இருந்து கேட்டாங்க, கடைசியா மேல போனது யாருன்னு. இவங்கன்னு சொன்னேன். மிச்சத்தை அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல."

"ஏன் சொல்லல?" நர்ஸம்மாவின் குரல் உயரவில்லை. ஆனால் வார்டில் நோயாளிகள் மாத்திரையைத் துப்பாமல் விழுங்கியது இந்தக் குரலுக்குத்தான் இருக்கும்.

"ஒத்திகை பார்த்தேன்னு தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு..."

"நாலு பேர் சிரிக்கக் கூடாதுன்னு என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க."

"அறிவிப்புப் பலகையில ஒட்டிடறேம்மா. நான்தான் உடைச்சேன்னு கையெழுத்துப் போட்டே ஒட்டிடறேன்."

"ஒட்ட வேணாம். இப்ப கூட்டம் இருக்கு இல்ல? அங்க சொல்லுங்க. வாயால."

மேனேஜரின் முகம் வெளுத்தது. "அத்தனை பேர் முன்னாலயா?"

"என் அட்டையை அத்தனை பேர் முன்னாலதானே கழட்டித் தரச் சொன்னீங்க?"

*

கூட்ட அறை நிறைந்திருந்தது. நிதானமும் சகலையும் சுவரோரமாக நின்றார்கள். நர்ஸம்மா முதல் வரிசையில், மேனேஜருக்கு நேர் எதிரே, பச்சை அட்டையோடு உட்கார்ந்துகொண்டார்.

மேனேஜர் எழுந்து நின்றார். உதடு அசைந்தது.

"கேக்கலை!" என்றார் கடைசி வரிசையில் யாரோ.

நர்ஸம்மா உள்ளங்கையை மேல்நோக்கி லேசாக உயர்த்தினார். இன்னும் கொஞ்சம், என்பதுபோல.

"அந்தக் கடிகாரத்தை உடைச்சது நான்." இந்த முறை குரல் நடு அறை வரை வந்தது. உள்ளங்கை இன்னும் உயர்ந்தது. "நான்தான் உடைச்சேன்! இவங்க இல்லை! இவங்கமேல பழி விழும்னு தெரிஞ்சும் சும்மா இருந்தேன். தப்பு என்னோடது. டிரஸ்டுக்கும் இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். "சார், எனக்கே கேட்டுடுச்சு!"

அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும்கூட.

"கொலை இல்லாமலே நல்லாத்தான் இருந்துச்சு சகலை" என்று கிசுகிசுத்தார் மருந்துக்கடைக்காரர்.

சிரிப்பு அடங்கியும் மேனேஜர் உட்காரவில்லை. இன்னும் ஏதோ சொல்ல நின்றார். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"கையைத் தாராளமா வீசிப் பேசுங்க சார்" என்றார். "இங்க உடையறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல."