அழித்துவிட்ட வியாழக்கிழமை

கதவைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாடிக்கையாளர்களுக்காக அவள் ஒதுக்கி வைத்திருந்த கூட்ட அறையில், மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன் உட்கார்ந்து, ஈர ஷூவை ஏசிக் காற்றில் காட்டிக் காய வைத்துக்கொண்டிருந்தான்!

"யார் சார் நீங்க? இந்த ரூம் எங்களுக்கு புக் ஆகியிருக்கு. எல்லாருக்கும் மெயில் போட்டிருக்கேனே!"

"மெயிலா..." அவன் நிமிர்ந்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றது. "சரக்கு அனுப்புற பிரிவுக்குப் புதுசா வந்திருக்கேங்க. மெயில் எல்லாம் பாக்கிற பழக்கமில்ல. அவசரம்னா ஆளே வந்து சொல்லிடுவாங்க."

"அந்த ஆள்தான் வந்திருக்கேன். கிளம்புங்க!"

அவன் சிரித்துக்கொண்டே, கையில் ஷூவோடு வெளியே நடந்தான். சண்டைக்கு வந்தவளைப் பார்த்து இப்படியா ஒருத்தன் சிரிப்பான்? அன்று மாலை வரை அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது. எரிச்சல்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அலுவலகத்தில் அவளுக்குக் 'காலண்டர் மேடம்' என்று பெயர். யாருக்கு, எங்கே, எப்போது கூட்டம் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். தவறு தன் பக்கம் தலைவைத்தும் படுக்காது என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மெயில் பார்க்காத அந்த மகானுபாவனை வழிக்குக் கொண்டுவரும் வேலையை மேனேஜர் வேறு யார் தலையில் கட்டுவார்?

தினமும் மதியம் அவன் மேஜைக்குப் போனாள். ஒரு நாள் அவன் சேமித்து வைத்திருந்த போன் நம்பர்களின் பட்டியலைத் திறந்தாள்.

"இதென்ன கூத்து? 'லாரி அண்ணன்', 'லாரி அண்ணன் புதுசு', 'லாரி அண்ணன் எடுக்க மாட்டார்'..."

"அந்த நம்பர்ல அவர் நிஜமாவே எடுக்க மாட்டாருங்க."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தும் பலிக்கவில்லை. "இதோ பாருங்க, இனிமே எதையும் மனசுல வெச்சுக்கிட்டு அல்லாடாதீங்க. காலண்டர்ல போட்டுடுங்க."

"மனசுல இருக்கிறது எல்லாத்தையுமா?"

அவள் கை மவுஸை விட்டு நழுவியது. பாவி... ஸ்கிரீனை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தல்லவா கேட்கிறான்!

ஒரு மதியம் அவன் லாரிக்காரரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் அவனுடைய காலண்டரில் பழைய குப்பைகளை ஒரே மூச்சில் ஒழித்தாள். மாதம் ஒரு வியாழக்கிழமை திரும்பத் திரும்ப வந்த ஒரு பதிவு... வெறும் 'கண்' என்று மட்டும் இருந்தது. ஏதோ அரைகுறையாகத் தட்டிவைத்தது என்று அதையும் அழித்தாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவன் முகம் தொங்கிப்போய் வந்தான்.

"நேத்து அம்மாவைக் கண்ணுல ஊசி போடக் கூட்டிட்டுப் போகணும்... சுத்தமா மறந்துட்டேங்க. காலண்டர் சொல்லும்னு இருந்துட்டேன். போட்டு வெச்ச ஞாபகம்... போடவே இல்ல போல. அம்மா புடவை மாத்திக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்திருக்காங்க. எனக்கு வேலை இருக்கும்னு போன்கூட பண்ணல. நானெல்லாம் என்ன புள்ளை!"

அந்த 'கண்'... அவள் அழித்தது அதைத்தானே! வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காலண்டர் மேடம் காலண்டர் மேடமாகவே இருக்கலாம்... அவனும் தினமும் இப்படியே சிரிப்பான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, கெஞ்சிக் கூத்தாடி மறுநாளைக்கே நேரம் வாங்கிக் கொடுத்தாள். "நீங்க மட்டும் இல்லேன்னா..." என்று அவன் கண் கலங்கினான். அவள் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாள்.

மறுநாள் கொட்டுகிற மழையில் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். கண்ணில் கட்டோடு அம்மாவும் பக்கத்தில் அவனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, நான் இவரோட ஆபீஸ்ல வேலை பாக்கிறேன். உங்க பிள்ளை மறக்கல. அவர் சரியாத்தான் போட்டு வெச்சிருந்தார். நான்தான் கேக்காம கொள்ளாம அழிச்சிட்டேன். நேத்தே சொல்லியிருக்கணும்... கௌரவம் போயிடும்னு வாயை மூடிட்டு இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

அவன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்குப் பட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அம்மா தடவித் தடவி அவள் கையைப் பிடித்தாள். "உட்காரும்மா. நனைஞ்சு வந்திருக்கே... டேய், வாயில என்ன கொழுக்கட்டையா? பேசேன்டா!"

அவன் திரும்பினான். "நானும் ஒரு தப்பை ஒத்துக்கணும்மா. இவங்க சொல்லிக்கொடுத்த மெயில், காலண்டர் எல்லாம் எனக்கு மூணாம் நாளே புரிஞ்சுடுச்சு. புரிஞ்சுடுச்சுன்னு சொன்னா இவங்க வர மாட்டாங்களேன்னு மக்கு மாதிரி நடிச்சேன். ஒழுங்கா ஒரு தடவை பாத்திருந்தா, 'கண்' காணோம்னு எனக்கே தெரிஞ்சிருக்கும். ஆனா இவங்க பக்கத்துல உட்காந்திருக்கும்போது... நான் ஸ்கிரீனை எங்க பாத்தேன்மா?"

அவள் நிமிர்ந்தாள். அழுகை பாதி, சிரிப்பு பாதி.

"பிடிச்சிருக்குங்க..." அவன் குரல் இறங்கியது. "ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?"

"எனக்கும்தான்..." அவள் முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டாள். "எப்போலேருந்துன்னு மட்டும் கேக்காதீங்க. அதை நான் எங்கேயும் குறிச்சு வைக்கல."