தங்கையன் திரும்பி வந்த வீடு

தங்கையன் படத்துக்குப் போட்டிருந்த மாலை வாசலோரக் குப்பையில் கிடந்தது. சாமந்தி இன்னும் முழுசாகக் காயவில்லை. ஸ்கூட்டியை நிறுத்திய ஹுமைரா அதையே பார்த்தபடி நின்றாள்.

தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் நிருபர் அவள். கொள்ளிடத்தில் திருட்டு மணல் அள்ளும் கும்பலுக்கு லாரி ஓட்டியவர் தங்கையன். எல்லாவற்றையும் அவளிடம் சொல்வதாக ஒப்புக்கொண்ட மறுநாளே அவரைக் கொன்று மணல் குழியில் போட்டிருந்தார்கள். பிணவறையில் உடலை அவளே பார்த்தாள். வாய் நிறைய மணல். இப்போது போலீஸ், அது யாரோ அநாதைப் பிணம் என்கிறது. ஏன் என்று அவர் மனைவி ராசம்மாளிடம் கேட்கத்தான் வந்திருந்தாள்.

மேகம் தாழ இறங்கிச் சாயங்காலமே இருட்டிவிட்டிருந்தது. நடவு முடிந்த வயலிலிருந்து வாய்க்காலுக்கு நீர் வழியும் சத்தமும், தவளைகளின் விடாத இரைச்சலும், ஈரச் சேற்றின் வாடையும் அந்தச் சின்ன வீட்டைச் சுற்றி நின்றன. அவற்றுக்கு நடுவே, உள்ளேயிருந்து மீன்குழம்பு கொதிக்கும் வாசனை. கருமாதிகூட முடியாத வீட்டில் மீன்.

கதவைத் திறந்த ராசம்மாளின் நெற்றியில் பொட்டு இருந்தது. தலையில் பூவும்.

"வாங்கம்மா. அவரு சாப்புடுறாரு."

விளக்கடியில் ஒருவன் சம்மணமிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தடித்த கழுத்து. தங்கையனின் கட்டம் போட்ட கைலி. ஹுமைரா அவனை இதற்கு முன் பார்த்ததே இல்லை. சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. சின்ன வயசு ராசம்மாள் வெட்கப்பட்டு நிற்க, பக்கத்தில் மாலையோடு இருந்தது இவன் முகம்.

"இவர் யாருங்க?"

"எங்க வீட்டுக்காரருதாம்மா."

ராசம்மாளின் கையிலிருந்த கரண்டி சாய்ந்தது. குழம்பு தரையில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

ஹுமைரா வெளியே ஓடி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். தங்கையன் அண்ணன் வெளியூர் லோடு போய்விட்டு வந்துவிட்டாரே என்று உள்ளிருந்தே ஒரு குரல் சொன்னது. எதிர்வீட்டிலும் அதையே சொன்னார்கள். வார்த்தை மாறாமல். பிறகு தாழ்ப்பாள்கள் விழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாக.

அவன் வாசலுக்கு வந்து கை கழுவினான். நிதானமாக. விரல் விரலாக.

"எதுக்கும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க" என்றான். மரியாதையான குரல்.

வீட்டில் அம்மா மட்டும்தான். தனியாக.

ஹுமைரா போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். வீடியோ கால். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

அம்மாவின் முகம் தெரிந்தது. வெளிறியிருந்தது.

"அம்மா, நான்தான். கதவைச் சாத்திட்டு உள்ள இரு."

"நீங்க யாருன்னு தெரியலம்மா" என்றாள் அம்மா. மனப்பாடம் செய்ததுபோல. "எம் பொண்ணு ஹுமைரா இங்கதான் இருக்கு. சாப்புடுது."

பக்கத்தில் ஒரு பெண். முன்பின் தெரியாத பெண். ஹுமைராவின் நீல நைட்டி. தட்டில் சோறு. வலது கை பிசைந்துகொண்டிருந்தது.

இடது கை அம்மாவின் பிடரியில். செல்லமாக. இறுக்கமாக.

அம்மா இமைக்கவே இல்லை.