வண்டிக்குப் பின்னால் ஒரு தட்டல்

மந்தாரக்குப்பத்துச் சந்துக்குள் சாமான் ஏற்றிய குட்டியானை வண்டி நுழைந்தபோது உச்சி வெயில். சாமான் அதிகமில்லை. ஒரு கட்டில், பீரோ, நாலு பாத்திர மூட்டை, ஒரு டிவி. டிவியை மட்டும் நம்பிப் பின்னால் போட மனமில்லாமல் பொற்கொடி மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் போனால் திருப்ப இடமிருக்காது என்று டிரைவர் வண்டியை ரிவர்ஸில் எடுத்தான்.

அவள் வாடகைக்குப் பிடித்த வீடு சந்தின் கடைசி வீடு. சுவரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து படிந்து, அது சுண்ணாம்பா சாம்பலா என்று தெரியாத ஒரு நிறம் வந்திருந்தது. தூரத்தில் கரி சுமக்கும் கன்வேயர் பெல்ட் இரைந்துகொண்டே இருந்தது. இந்த ஊரில் அந்த இரைச்சல் நின்றால்தான் ஜனங்கள் திடுக்கிட்டு எழுந்து பார்ப்பார்கள்.

வண்டி மெல்லப் பின்னால் ஊர்ந்தது.

'டப்'பென்று ஒரு தட்டல். வண்டியின் பின்பக்கத் தகரத்தில்.

டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றான். இறங்கிப் பின்னால் போனவன் சத்தமில்லாமல் நின்றுவிட்டான். சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, எருக்கஞ்செடி மறைவில், மூடி உடைந்த செப்டிக் டேங்க் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"நல்ல நேரத்துல தட்டினாரு, அக்கா. யாரு, உங்க வூட்டுக்காரரா?"

"அவரு சவுதியில இருக்காரு."

"அப்ப யாரு?"

சந்து காலியாக இருந்தது. ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. பொற்கொடி டிவியைக் கட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. தட்டியது யார் என்று டிரைவருக்குத்தான் தெரியாது.

லாரிக்காரர்களுக்கு இந்தத் தட்டல் ஒரு பாஷை. பின்னால் நிற்கும் கிளீனர் இரண்டு தட்டினால் 'வா'. ஒன்று தட்டினால் 'நில்'. தட்டுகிற ஆளுக்கு ஆள் சத்தம் மாறும். சிலர் விரலால் தட்டுவார்கள், சிலர் கல்லால் தட்டுவார்கள். விரித்த உள்ளங்கையை முழுசாக வைத்து, தகரம் ஒரு நொடி அதிர்கிற மாதிரி தட்டுகிறவர் ஒரே ஒருவர்தான். அவளுடைய அண்ணன் சிங்காரவேலு. அவரைப் புதைத்து ஆறு மாதம் ஆகிறது.

நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கே வேலை பர்மனென்ட் ஆகாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த காலம் அது. கொடுக்க நிலமே இல்லாதவர்களை யார் சீந்துவார்கள்? பொற்கொடியின் புருசன் கொளஞ்சிநாதன் காண்ட்ராக்ட் லாரியில் கரி லோடு ஓட்டினான். சிங்காரவேலு அவனுக்குக் கிளீனர். கண்பார்வை சரியில்லாததால் லைசென்ஸ் வாங்க முடியாமல், நாற்பத்தைந்து வயதிலும் தங்கச்சி புருசனுக்குக் கிளீனராக ஓடிக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு வெட்கமொன்றும் இருந்ததில்லை. "இங்க கெடந்து கரிதான் திம்பீங்க மாப்ளே. சவுதிக்குப் போங்க. டிரெய்லர் ஓட்டுனா நாலு காசு பாக்கலாம், எந்தங்கச்சிய ஒரு நல்ல ஆஸ்பத்திரியில காட்டலாம்" என்று ஏஜெண்டைத் தேடிப் பிடித்ததே அவர்தான். கல்யாணமாகி ஏழு வருஷமாகப் பொற்கொடிக்குக் குழந்தை இல்லை. அந்தக் கவலை அவளைவிட அவள் அண்ணனைத்தான் அரித்தது.

விசா வந்த செய்தியும் அவர் சாவும் ஒரே நிமிஷத்தில் வந்தன.

சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு சூளையில் கரி இறக்க லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான் கொளஞ்சிநாதன். காதில் போன். அந்தப் பக்கம் ஏஜெண்ட். பின்னால் சுவர். சுவருக்கும் லாரிக்கும் நடுவில் சிங்காரவேலு.

"தட்டினாரு பொற்கொடி," என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான் அவன். "ஒரு தட்டு. எனக்குக் கேட்டுச்சு. விசா வந்துடுச்சின்னு ஏஜெண்டு சொல்லிகினு இருந்தான். காலு பிரேக்குக்குப் போவல."

கேஸ் ஆனால் லைசென்ஸ் போகும். பாஸ்போர்ட் போகும். வந்த விசா வந்த வழியே திரும்பிப் போகும். அதனால் பொற்கொடி ஸ்டேஷனில் போய்ச் சொன்னாள். 'எங்கண்ணன் காலையிலயே குடிச்சிருந்தாரு. சொல்லாம கொள்ளாம வண்டிக்குப் பின்னால போயிட்டாரு.' செத்தவனோடு கூடப் பிறந்தவளே சொல்லும்போது மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்? சிங்காரவேலு வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அது ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் என்பது எதையும் மறக்கக்கூடிய ஒரு ஜந்து. ஒரு மாதத்தில் அவர் குடிகாரராகிவிட்டார். இரண்டாம் மாதத்தில் கொளஞ்சிநாதன் விமானம் ஏறிவிட்டான்.

போனவர் போய்விட்டார், இருக்கிறவனையாவது காப்பாற்றினேன் என்று பொற்கொடி தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணி ருக்குமணியின் முகத்தைத் தினமும் பார்க்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்த வீடு.

வந்த மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா மாணிக்கம்மாள் கீரை வாங்கிக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள். நாலு பேச்சுக்குப் பிறகு கேட்டாள்.

"கூடப் பொறந்தவங்க யாருமில்லியா?"

"ஒரு அண்ணன் இருந்தாரு. குடிச்சிட்டு வண்டியில அடிபட்டுப் போய்ட்டாரு."

டப்.

அடுப்படிச் சுவரின் வெளிப்பக்கம். அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி மெல்ல அதிர்ந்து அடங்கின.

"பூனையா இருக்கும்," என்றாள் மாணிக்கம்மாள். பூனை அப்படித் தட்டாது என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கீரையை அங்கேயே மறந்துவிட்டுப் போனாள்.

அடுத்தது வடலூர் பஸ்ஸில். பக்கத்து சீட்டில் ஒரு பழைய ஊர்க்காரி. 'உங்கண்ணன் அப்பிடிப் போயிட்டாரேம்மா' என்று அவள் இழுக்க, பொற்கொடி பழக்கதோஷத்தில் 'குடி யார வுட்டுது' என்று சொல்லி வாய் மூடவில்லை. ஓடுகிற பஸ்ஸின் வெளித்தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு. டிரைவர் பிரேக் போட்டார். ஜனங்கள் முன்னால் சாய்ந்தார்கள்.

"எவன்யா தட்டுனது?" என்று கண்டக்டர் கத்தினார். படியில் யாருமில்லை. ரோட்டில் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்புதான். ஜன்னல் வழியாக ஈரக் கரியும் டீசலும் கலந்த ஒரு வாடை வந்தது. அண்ணன் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வருகிற வாடை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் பயமுறுத்தவில்லை. பழிவாங்கவும் வரவில்லை. தங்கச்சி ஒரு தப்பான இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், நிறுத்தச் சொல்கிறார். அவ்வளவுதான். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் அதுவும் ஒரு நரகம்.

அந்த வெள்ளிக்கிழமை கொளஞ்சிநாதன் பேசினான். வெள்ளிக்கிழமைதான் அவனுக்கு ஓய்வு. தம்மாமிலிருந்து ஜெத்தா வரைக்கும் மணலைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஓட்டுவதைப் பற்றிச் சொன்னான். அங்கே கிளீனர் கிடையாது. பதினெட்டுச் சக்கரத்தையும் கண்ணாடி பார்த்துத் தானே பின்னால் எடுக்க வேண்டும்.

"முதல்ல கஷ்டமா இருந்துச்சு. இப்ப பழகிடுச்சு. தட்ட ஆளில்லாம இருக்கறதே நிம்மதி புள்ள."

"இங்க தட்டறாருங்க," என்றாள் பொற்கொடி.

அந்தப் பக்கம் அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"அண்ணன் குடிச்சாருன்னு சொல்றப்பல்லாம் தட்டறாரு. நான் வேணா போய் உண்மையச் சொல்லிடட்டா? நீங்கதான் அங்க போய்ட்டீங்களே."

"பைத்தியமா ஒனக்கு? பாஸ்போர்ட்டு மொதலாளி கையில இருக்கு. அங்க கேஸு கெளம்புனா என்னைப் புடிச்சி அனுப்பிடுவான். வந்து இறங்குனா நேரா ஜெயிலு. செத்தவன் தட்டுனா தட்டிகினு போவட்டும். நீ வாயத் தொறக்காத."

அண்ணனை 'செத்தவன்' என்று அவன் சொன்னது அவளுக்கு வலித்தது. வலித்தும் 'சரி' என்றாள். ஆறு மாதமாக அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அந்த 'சரி'தான்.

மறுவாரம் ஒரு சாயங்காலம் ருக்குமணி வந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. ஊருக்கெல்லாம் மின்சாரம் காய்ச்சி அனுப்புகிற புகைபோக்கி ஜன்னலுக்கு நேராகப் புகைந்துகொண்டிருக்க, மந்தாரக்குப்பம் மட்டும் இருட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த வருஷம் முழுக்க அப்படித்தான். மெழுகுவர்த்தியை ஏற்றித் திரும்பினால் வாசலில் அண்ணி நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"உள்ள வாங்க அண்ணி."

"வரல. நின்னே சொல்லிட்டுப் போறேன்." ருக்குமணியின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "எம்மவ வெண்மதியைப் பொண்ணு பார்த்துட்டுப் போனவங்க வேணான்னுட்டாங்க. குடிகாரன் மவளாம். எங்களுக்கு நஷ்டஈடு வேணாம், ஒண்ணும் வேணாம். உம்புருசன் மேல கேஸும் குடுக்க மாட்டேன். சாமி சத்தியமா சொல்றேன். அந்த வூட்டுக்கு எங்கூட வந்து, எங்கண்ணன் குடிக்க மாட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லு பொற்கொடி. கூடப் பொறந்தவ நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

பொற்கொடி மெழுகுவர்த்தியைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தைதான். ஆனால் ஒரு வாயில் சொன்னது ஊர்வாய்க்குப் போகும். ஊர்வாயிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும். அங்கே மணலில் ஓடிக்கொண்டிருக்கிறவனை இழுத்துக்கொண்டு வரும். பிறகு ஆஸ்பத்திரி ஏது, குழந்தை ஏது. வெண்மதியைத் தூக்கி வளர்த்தவள் அவள். அந்தப் பெண்ணின் முகம் கண்ணுக்குள் வந்தது. அதைத் தள்ளிவிட்டுத்தான் பேசினாள்.

"அண்ணன் குடிச்சிருந்தாரு அண்ணி. நானே வாடையை மோந்தேன்."

டப்.

இதற்கு முன் கேட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு தட்டு. சுவரிலிருந்து சாம்பல் உதிர்ந்தது. மெழுகுவர்த்தி ஒருமுறை படுத்து எழுந்தது.

ருக்குமணி அசையவில்லை.

தினமும் அவர் வீடு வந்து கதவைத் தட்டிய கை அது. இருபது வருஷமாக அந்தக் கைக்குக் கதவைத் திறந்தவளுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அவள் கண் நிறைந்தது. பயம் இல்லை அந்த முகத்தில். பிரிந்தவரைப் பார்த்துவிட்ட முகம்.

"நிறுத்தச் சொல்றாரு," என்றாள் மெதுவாக.

பொற்கொடி மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"செத்தும் ஒன்னையத்தான் காப்பாத்தப் பாக்கறாரு. எங்கிட்ட வரல பாரு. ஒருநாளுகூட எங்கிட்ட வரல."

சொல்லிவிட்டு ருக்குமணி உள்ளே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அடுப்படிக்குள் போய், சத்தம் வந்த சுவரின் முன்னால் நின்றாள். உள்ளங்கையை விரித்தாள்.

"அண்ணி, வேணாம்."

இரண்டு தட்டு தட்டினாள்.

'வா.'

"வெளிய நின்னு தட்டுனா இவளுக்குக் கேக்காதுங்க," என்றாள் சுவரிடம், புருசனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் பேசுகிற சாதாரணக் குரலில். "இவ வூட்டுக்குள்ளயே வாங்க."

பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். சந்தில் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

பொற்கொடி காத்திருந்தாள்.

ஒன்றும் இல்லை.

கன்வேயர் இரைச்சல்தான். பக்கத்து வீட்டில் யாரோ பிள்ளையை அதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. அடுப்படியில் யாருமில்லை, கட்டிலுக்கு அடியில் யாருமில்லை, கதவு தாழ் போட்டபடி இருந்தது. சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். சுவர் வெறும் சுவராக இருந்தது. அண்ணி வேதனையில் ஏதோ செய்துவிட்டுப் போனாள், அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று தேற்றிக்கொண்டு, கொளஞ்சிநாதனுக்கு மூன்று முறை மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அறையில் மட்டும் ஈரக் கரி வாடை லேசாக இருந்தது. நெய்வேலியில் அந்த வாடை எங்கே இல்லை.

போன் அடித்தது. சவுதி நம்பர்.

"இன்னா, மூணு தடவ மிஸ்டு கால் குடுத்திருக்கற?" என்றான் கொளஞ்சிநாதன். பின்னால் எஞ்சின் உறுமியது.

"வண்டியிலயா இருக்கீங்க?"

"குடோன்ல பின்னால எடுத்துகினு இருக்கேன். பரவால்ல, சொல்லு."

போனைக் காதில் வைத்துக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுக்கிறான். மறுபடியும். அதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

"அண்ணி வந்து போனாங்க. உண்மையச் சொல்லச் சொன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"சொன்னதையேதான் சொன்னேன். அண்ணன் குடிச்சிருந்தாருன்னு."

அவள் முதுகில் ஒரு கை தட்டியது.

விரித்த உள்ளங்கை. லாரியின் தகரத்தில் தட்டுகிற மாதிரி, முழுசாக, ஒரே ஒரு தட்டு. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

போனில் பிரேக் கிறீச்சிட்டது. காற்று 'உஸ்'ஸென்று வெளியேறியது. எஞ்சின் அணைந்தது. அன்றைக்குப் போகாத கால் இன்றைக்குப் போயிருந்தது.

"யாரு?" கொளஞ்சிநாதனின் குரல் நடுங்கியது. "பொற்கொடி, யாரு தட்டுனது? வண்டிக்குப் பின்னாலயா, அங்கயா? ஒம் பின்னால யாரு இருக்காங்க?"

'யாரும் இல்லீங்க' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே நின்றது.

முதுகில் தட்டிய கை இன்னும் எடுக்கப்படவில்லை.