திட்டு வாங்கி வரைந்த ஓவியம்

பனிப்பேழைக்கு அளவெடுக்க ஆள் வந்தபோது கோசலை தோசைக்குப் பாசிமாவு கரைத்துக்கொண்டிருந்தாள். வந்தவன் அவள் கணவர் திருமேனியின் உயரம், தோள், தொந்தி எல்லாவற்றையும் நாடா வைத்து அளந்தான்.

“தேர்வு முடிஞ்சப்புறம் அளந்தா ஆகாதா தம்பி?” என்றார் திருமேனி.

“நீங்க பாஸாயிட்டா வேற யாருக்காச்சும் மாத்திக் குடுத்துருவோம் சார். எதுவும் வீணாகாது.”

சனியின் நிலவான டைட்டனில், மூன்றாம் குமிழி என்ற அந்த ஊரில், இது அன்றாடம் நடப்பதுதான். குமிழிக்குள் காற்று கொஞ்சம். மூச்சு விடுகிறவர்கள் அதிகம். அதனால் ஐம்பதைத் தொட்டவர்களுக்கெல்லாம் ஒரு தேர்வு. முந்தின நாள் மாலை மூளையைப் படியெடுத்து ஒரு நகலியை உண்டாக்குவார்கள். நகலிக்கு உடம்பு கிடையாது, மூச்சும் வேண்டாம். மறுநாள் மனிதரும் நகலியும் தனித்தனி அறையில் ஆளுக்கொரு அருவ ஓவியம் வரைய வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால், அந்த ஆள் இனிமேல் செய்யப்போவதை எல்லாம் நகலியே செய்துவிடும் என்று பொருள். அப்புறம் அவர் எதற்கு வீணாக மூச்சு விட வேண்டும்? பேழையில் படுக்க வைத்து உறையவிட்டுவிடுவார்கள். எழுப்பும் தேதி எந்தப் பேழையிலும் எழுதப்பட்டதில்லை.

ஏன் அருவ ஓவியம்? வீடு வரையச் சொன்னால் எல்லாருமே ஒரு கதவும் இரண்டு ஜன்னலும்தான் போடுகிறோம். எதையும் குறிக்காத ஓவியத்தில்தான் ஒரு மனிதன் ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஒளிவதற்கு ஆளுக்கொரு சொந்த வழிமுறை வேண்டும். தாயக்கட்டை உருட்டி வரையத் தடை. அது கட்டையின் ஓவியம் ஆகிவிடுமாம்.

திருமேனி ஆயுள் முழுக்க, ஊர்ச் சாப்பாட்டுக்குப் பாசி வளர்க்கும் தொட்டியைக் கிண்டியவர். எப்போதும் வலப்பக்கமாகவே கிண்டுவார். ஒத்திகைக்கென்று தந்த தன் நகலியைச் சுவர்த்திரையில் ஓடவிட்டுப் பழகினார். கண்ணை மூடிக்கொண்டு வரைந்தார். அதே வளைவுகள் சுவரிலும் வந்தன. இடது கையால் வரைந்தார். நகலியின் இல்லாத இடது கைக்கு இன்னும் நன்றாகவே வந்தது. எரிச்சலில் தூரிகையை வீசினார். சுவரிலும் அதே மூலையில் கறை வழிந்தது. இப்படியொரு சலிப்பான ஆளோடு இத்தனை காலம் எப்படித்தான் குடும்பம் நடத்தினேனோ என்று நொந்துகொண்டார். நடத்தியது அவர் அல்ல என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

நடத்தியவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

“ஏங்க, படம் போடுறீங்களா, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்களா? காலுக்குக் கீழ பாருங்க! பச்சைப் பெயின்ட்ட மிதிச்சுக்கிட்டே குளியலறை வரைக்கும் ஊர்வலம் போயிருக்கீங்க. யாரு தொடைக்கிறது, உங்க நகலியா?”

திடுக்கிட்டதில் அவர் கை இழுபட்டது. ஒரு சிவப்புக் கோடு ஓவியத் துணியின் குறுக்கே பாய்ந்தது. திரும்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே அந்தக் கோடு இல்லை. ஒத்திகை நகலிக்கு வெளிச்சத்தம் கேட்காது.

“கோசலை, நிறுத்தாத. திட்டு.”

“என்னது?”

“திட்டுன்னா திட்டு.”

கோசலைக்கு இதற்கெல்லாம் ஊக்கம் தேவைப்பட்டதில்லை. அவள் திட்டத் திட்ட அவர் வரைந்தார். சுள்ளென்ற சொல்லுக்குச் சிவப்பு வெட்டு. இழுத்துப் பேசினால் நீண்ட மஞ்சள். பெருமூச்சுக்குத் தண்ணீர் கலந்த சாம்பல். பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அங்கே வெறும் துணி. அவள் பேசுவதை அவர் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான். நிறைய வண்ணம் இருந்தது.

தேர்வன்று காலை அவள் திட்டியதை அப்படியே மனதில் ஏந்திக்கொண்டு போனார். படியெடுத்தது முந்தின நாள் என்பதால் நகலிக்கு அந்தத் திட்டு தெரியாது. இரண்டு ஓவியங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

“இது உங்க மனைவி பேசினதைக் கேட்டு வரைஞ்சதுதானே?” என்றார் மதிப்பீட்டாளர் தில்லைநாயகி.

“திட்டினது அவ. வாங்கிக்கிட்டது நான்தானே மேடம்?”

தில்லைநாயகி சிரிக்காமல் முத்திரை குத்தினார்.

ஓவியத்தைக் குமிழியின் கூரையில் ஒளிரவிட்டார்கள். ஊரே பாராட்டியது. பாராட்டெல்லாம் அவர் வீட்டுச் சுவரில் வரிவரியாக ஓடியது. அந்த வாரமே கோசலைக்கு ஐம்பது. அளவெடுக்க வந்தவன், திருமேனிக்குச் செய்த பேழையையே கொஞ்சம் சுருக்கித் தரலாம் என்றான்.

“எனக்கு வழி ஒண்ணும் தெரியலைங்க,” என்றாள் கோசலை.

“என் வழியவே வச்சுக்கோ. காலையில நான் சொல்றதை வாங்கிக்கிட்டுப் போய் வரை.”

“நீங்களா? பேசப் போறீங்களா?”

“நீ நினைச்சே பார்க்காத மாதிரி பேசுறேன் பாரு.”

காலையில் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சுவரில் யாரோ அவரை ‘வண்ணங்களின் வேந்தர்’ என்று எழுதியிருந்தார்கள். கீழே அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு.

“ஏங்க, இன்னைக்குத்தான்.”

“ம்.”

“தோசையில உப்பு சரியா இருக்கா?”

“ம்.”

“ஏதோ பேசுறேன்னீங்களே.”

“ம்.”

“நான் வராமப் போயிட்டா, மாவு மேல்தட்டுல இருக்கு. பச்சை மூடி போட்ட டப்பா.”

“ம்.”

அவள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். வேந்தர் சுவரைப் படித்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் தில்லைநாயகி அவரைக் கூப்பிட்டு இரண்டு ஓவியங்களைக் காட்டினார். வெள்ளைத் துணியில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சின்னச் சின்னச் சாம்பல் புள்ளிகள். கடைசிப் புள்ளிக்குக் கீழே கோசலை கொஞ்சம் இடம் விட்டிருந்தாள், இன்னொன்று வரும் என்று காத்திருந்தவள் போல. நகலியும் அதே அளவு காத்திருந்தது. மறுநாள் காலை அவர் என்ன சொல்வார் என்று முந்தின மாலையே அதற்குத் தெரிந்திருந்தது.

“வேற எதையாவது கிறுக்கியிருக்கலாமே மேடம் அவ...”

“நானும் சொன்னேன் சார். ‘அவர் சொல்றதைத்தான் வரையறதுன்னு பேசி வச்சிருக்கோம்’னாங்க.”

குமிழியின் காற்று வெளியே கசியாமல் தடுக்கும் காற்றடைப்பான்களைக் கவனிப்பது கோசலையின் வேலை. இப்போது அதை நகலி பார்க்கிறது. களைப்பு இல்லாததால் மூன்று ஷிப்ட்டும் அதன் தலையில். மிச்ச நேரத்தில் வீட்டுச் சுவரிலிருந்து பேசலாம் என்று சலுகை.

திருமேனி பாராட்டுகளை எல்லாம் அணைத்துவிட்டார். தினமும் தட்டை வைத்துக்கொண்டு சுவருக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறார். தொட்டியில் நுரை கட்டியதை, தோசை கருகியதை, பேழைக் கூடத்துக்குப் போய் அவள் முகத்துக்கு மேலிருந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்ததை.

“கோசலை, அந்தப் பச்சைக் காலடி இருக்குல்ல, குளியலறை வரைக்கும்? நான் இன்னும் தொடைக்கவே இல்ல. அப்படியே கிடக்கு. ஏதாவது சொல்லேன்.”

சுவரில் விளக்கு மினுங்கியது. எங்கோ ஒரு காற்றடைப்பானை நகலி சரிபார்த்துக்கொண்டிருந்தது.

“ம்.”